மீசை வைத்த டாக்டர்

"ஆம்பளை டாக்டர் யாரும் இல்லையா?" என்று பண்ணைக்காரர் கேட்டபோது, பசுவின் பின்னால் கன்றின் முன்னங்கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. தலையைக் காணவில்லை. பண்ணைக்காரருக்குத் தலை இருந்தது, உபயோகத்தில்தான் இல்லை.

டாக்டரம்மா வாளியில் கை கழுவினார். "கன்னோட தலை உள்ள மடங்கியிருக்குங்க. இப்பவே கை விட்டுத் திருப்பணும். இல்லன்னா ரெண்டு உயிரும் போயிடும்."

"இது பலமா இழுக்கிற வேலைம்மா. போன ஈத்துக்கு ஒருத்தர் வந்தாரு. மீசையே இத்தனை பெரிசு. அவரு டாக்டர்."

"ஏங்க, போன தடவை..." என்று மனைவி ஆரம்பித்தாள்.

"நீ சும்மா இரு. உனக்கு என்ன தெரியும்?"

போன தடவை தொழுவத்துக்குள் எட்டிப் பார்த்ததுமே பண்ணைக்காரர் தலை சுற்றி விழுந்துவிட்டார். வெயில் என்று பிறகு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார். கண் திறந்தபோது எதிரே அந்த மீசை, பக்கத்தில் கன்று. அன்றிலிருந்து மீசைக்காரரின் கைராசியைப் பாடாத நாளில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். "மீசை வச்ச டாக்டரை அனுப்புங்க."

"எங்ககிட்ட இருக்கிற மூணு டாக்டரும் லேடீஸ்தாங்க. யாருக்கும் மீசை கிடையாது."

நல்ல டாக்டரை ஒளித்து வைத்துக்கொண்டு பேசுகிறார்கள் என்று முடிவு கட்டினார். "நானே பாத்துக்கறேன்."

டாக்டரம்மா தடுப்பதற்குள் கன்றின் காலில் கயிற்றைக் கட்டி ஒரே இழுப்பாக இழுத்தார். கன்று முன்னைவிட இறுக மாட்டிக்கொண்டது. பசு விட்ட உதையில் அவர் சாணிக் குவியலில் போய் உட்கார்ந்தார். பசுவும் நிற்க முடியாமல் கீழே சாய்ந்தது.

மனைவிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கயிற்றைப் பிடுங்கினாள். "மாடு செத்தா உங்களையா கறக்கிறது? அப்படியே உக்காருங்க. அம்மா, நீங்க பாருங்க."

டாக்டரம்மா தோள்வரை கையை உள்ளே விட்டார். கன்றைப் பின்னுக்குத் தள்ளி, தலையை நிதானமாகத் திருப்பினார். கன்று வழுக்கிக்கொண்டு வந்து வைக்கோலில் விழுந்து தும்மியது.

ரத்தத்தைப் பார்த்த பண்ணைக்காரரும் விழுந்தார்.

முகத்தில் தண்ணீர் பட்டுக் கண் விழித்தார். எதிரே அதே மீசை.

"வந்துட்டீங்களா டாக்டர்? நீங்க வரலைன்னா இந்தம்மா என் மாட்டைக் கொன்னிருக்கும்."

மீசைக்காரர் செம்பைக் கீழே வைத்தார். "நான் அம்மாவோட டிரைவருங்க. போன தடவையும் கன்னை எடுத்தது அவங்கதான். நீங்க இந்தத் தடவையும் விழுவீங்கன்னு என்னைத் தண்ணியோட வாசல்ல நிக்கச் சொன்னதும் அவங்கதான்."