பச்சை ஒளியைப் பார்த்துவிட்டவர்

சோதனை தொடங்குமுன்பே முடிவு தெரிந்துவிடும் ஓர் இனம் உண்டு. ஜோசியர்களைச் சொல்லவில்லை, அவர்களுக்காவது அவ்வப்போது சந்தேகம் வரும். நான் சொல்வது ஆய்வகத் தலைவர்களை.

ஒருவரைப் பாருங்கள். மாணவர்கள் வைத்த பெயர் 'பச்சை சார்'. தலைமுடி போன்ற கண்ணாடி இழைக்குள், கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளியை மணிக்கணக்கில் செலுத்தினால், கண்ணாடியே மெல்ல மாறி, மறுமுனையில் பச்சை ஒளியைத் தரத் தொடங்குவதுண்டு. அதிசயம்தான். ஆனால் லேசரும் சில சமயம் கொஞ்சம் பச்சையைக் கசியவிடும். ஆகவே இழைக்கு முன்னால், பச்சையை மட்டும் தடுக்கும் வடிகட்டியை வைக்க வேண்டும். அப்போதும் மறுமுனை பச்சையாக இருந்தால் இழையின் வேலை. இருண்டால் வெறும் கசிவு. அரை நிமிட வேலை. சாருக்கு அந்த அரை நிமிடம் மட்டும் கிடைப்பதேயில்லை.

இந்த இழையில் நான்கு ஆண்டுகளைச் செலவிட்ட ஆய்வு மாணவி கேட்டாள். அவளுடைய பட்டம் அவர் கையெழுத்தில் இருந்தது.

"சார், ஒரு தடவை வடிகட்டி வெச்சுப் பாத்துடலாமே?"

"ஏம்மா, உனக்கு நம்பிக்கையே கிடையாதா?"

"நம்பிக்கை எதுக்கு சார்? வடிகட்டிதான் இருக்கே."

சாரின் இழை பச்சை தருவதைப் பார்க்க ஒருநாள் விருந்தினர்கள் வந்தார்கள். விளக்கை அணைத்தார்கள். திரையில் பச்சைப் புள்ளி, கைதட்டல், தன் மேதைமையால் கண்ணாடியே மனம் மாறியதுபோல் சாரின் முகம். அவள் எழுந்துபோய் வடிகட்டியை வைத்தாள். இருட்டு.

வெட்கப்பட்டார் என்றா நினைக்கிறீர்கள்? இந்த இனத்துக்கு அந்த உறுப்பே கிடையாது.

"பாத்தீங்களா!" என்று இருட்டிலேயே கூவினார். "வடிகட்டி வெச்சா இழை வேலையை நிறுத்திடுது. இது யாருமே பாக்காத விளைவு!"

மீண்டும் கைதட்டல்.

மறுநாள் அவளை அறைக்கு அழைத்தார். "அந்தப் புது விளைவையே உன் ஆய்வேட்டுல எழுதிடும்மா. உடனே கையெழுத்துப் போடறேன்."

"அப்படி ஒண்ணு நடக்கவே இல்லையே சார்."

"அப்போ கையெழுத்தும் நடக்காது."

அவள் எழுதவில்லை. இப்போது வேறு வழிகாட்டியிடம், வேறு தலைப்பில், முதல் ஆண்டு. சார் அந்த விளைவைப் பற்றி ஊர் ஊராகப் பேசுகிறார்.

சிரிக்கிறீர்கள். நல்லது. "நீங்க சொல்றது தப்பு" என்று உங்கள் முகத்துக்கு நேரே யாராவது கடைசியாகச் சொன்னது எப்போது? ஞாபகமில்லையா? நீங்கள் தப்பே செய்வதில்லை போலிருக்கிறது.