மூலை தெரியாத டிவி

டிவி வாங்கப் போன மர்சூக், கடைக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்திலேயே டிவியில் தன்னைக் கண்டு நடுங்கிப்போனார்.

மகள் ஸஹ்னாவின் கல்யாண வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. மாத்தளை டவுனில் உள்ள அந்தக் கடைக்கு வருகிற எல்லோரும் கடைக்காரர் போட்டுக் காட்டுகிற கிளியையும் மீனையும் பார்த்துத்தான் டிவி வாங்குவார்கள். மர்சூக்கின் மனைவி மஸூதாவுக்கு அது போதவில்லை. கைப்பையைத் திறந்து பென் ட்ரைவை எடுத்து நீட்டிவிட்டாள்.

"கிளிய பாத்து நமக்கு என்ன ஆகப்போகுது? நம்ம ஆக்களோட முகம் எப்படித் தெரியுதுன்னு பாக்கணும். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு சம்மந்தி வீட்டுக்காரங்க எல்லாம் வாராங்க."

விற்பனையாளர் ஜீவராஜ் அதை வாங்கிப் பெரிய டிவி ஒன்றில் சொருகினார். மாப்பிள்ளையும் தோழர்களும் சஹன் என்கிற பெரிய சோற்றுத் தட்டைச் சுற்றி உட்கார்ந்து, எல்லோரும் அதிலேயே கைபோட்டுச் சிரித்துச் சிரித்துச் சாப்பிடுகிறார்கள். அவர்களுக்குப் பின்னால், மண்டபத்து மூலையில், திரைச்சீலைக்குப் பக்கத்தில் ஒருவர் நிற்கிறார். கையில் கோப்பை. வாயில் கரண்டி. யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பியவர், கெமராவையே நேராகப் பார்க்கிறார்.

அது மர்சூக்.

பல்லேபொல வீட்டில் உள்ள பழைய சின்ன டிவியில் அந்த மூலை வெறும் கறுப்பு. அதை நம்பித்தான் மனிதர் இத்தனை நாளும் நிம்மதியாகத் தூங்கினார்.

கோப்பையில் இருந்தது கருப்பட்டியும் முட்டையும் சேர்த்து அவித்த வட்டிலப்பம். அதுவும் மாப்பிள்ளை வீட்டாருக்கென்று கஜு முந்திரி போட்டு, தனியாகச் செய்து, ஒதுக்கி வைத்த வட்டிலப்பம். சீனி வருத்தம் வந்த நாளிலிருந்து மஸூதா அவருக்கு இனிப்பைக் கண்ணில் காட்டுவதில்லை. ஒரே ஒரு கோப்பை என்று நினைத்துத்தான் அந்த மூலைக்குப் போனார். தட்டம் காலியான பிறகுதான் நிமிர்ந்தார்.

வட்டிலப்பம் எங்கே என்று சம்மந்தி வீட்டார் கேட்டபோது எல்லோரும் பெண்ணைப் பெற்றவரைப் பார்த்தார்கள். அவரோ, சமையல் பக்கம் பொறுப்பாக நின்ற மஸூதாவின் தம்பி பஸீரைப் பார்த்தார். பார்த்ததோடு விட்டிருக்கலாம். "என்ன மச்சான், ஒங்க கூட்டாளிமாருக்குத் தூக்கிக் குடுத்திட்டீங்களா?" என்று சபை நடுவில் கேட்டும் வைத்தார். பஸீர் கையைக் கழுவிக்கொண்டு போனவர்தான். அதன் பிறகு ராத்தா மஸூதாவின் வீட்டுப் படியேறவில்லை. வீடியோக்காரர் வீடியோவைக் கொடுப்பதற்குள் ஸஹ்னாவுக்குப் பிள்ளையே பிறந்துவிட்டது. அந்தப் பிள்ளையைப் பார்க்கவும் அவர் வரவில்லை. நோன்பு துறக்கும் நேரத்தில் மஸூதா தம்பியை நினைத்து அழுதபோதெல்லாம் மர்சூக் கஞ்சிக் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த மூலையைச் சம்மந்தி வீட்டாரும் மஸூதாவும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்தால் என்ன ஆகும்? மர்சூக் நேராக டிவிக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

"தள்ளுங்க, மறைக்குது," என்றாள் மஸூதா.

"இது மிச்சம் கண்ணு கூசுது. வேற காட்டுங்க ஜீவராஜ்."

"இது ஐ.பி.எஸ் பெனல் போட்ட திரை நானா. எந்தப் பக்கத்துல இருந்து பாத்தாலும் கலர் மாறாது. கறுப்பு மட்டும் கொஞ்சம் சாம்பலா தெரியும். அதனால இருட்டுல உள்ளதும் லேசா வெளிய வரும்."

"இருட்டுன்னா இருட்டா இருக்கணுமே!"

"அப்ப வி.ஏ பெனல் பாருங்க. கறுப்புன்னா நல்ல கறுப்பு."

ஜீவராஜ் அடுத்த டிவிக்கு மாற்றினார். அதே சஹன், அதே சிரிப்பு. மூலை மட்டும் கும்மிருட்டு. மர்சூக் வாய்விட்டே, "அல்ஹம்துலில்லாஹ்," என்றார்.

"இதான் மஸூதா. இதையே எடுப்போம்."

மஸூதா தலையாட்டினாள். பிறகு மெதுவாக நடந்து பக்கவாட்டில் போய் நின்றாள்.

"சம்மந்தி உம்மா எப்பவும் ஜன்னல் பக்கத்துக் கதிரையிலதான் உக்காருவாங்க. இங்க வந்து பாருங்க, எப்படித் தெரியுதுன்னு."

போய்ப் பார்த்தார். அங்கிருந்து பார்க்கையில் கறுப்பு வெளுத்துக் கிடந்தது. முதலில் தொப்பி தெரிந்தது. பிறகு மூக்கு. பிறகு கரண்டி.

"வி.ஏ அப்படித்தான் நானா," என்றார் ஜீவராஜ். "நேரா பாத்தா கறுப்பு. சைட்டுல இருந்து பாத்தா வெளுக்கும்."

"அப்ப எல்லாரையும் நேரா உக்கார வைப்போம்!"

"ஒருத்தருக்குப் பின்னால ஒருத்தரா உக்கார வைக்க நம்ம வீடு என்ன பஸ்ஸா?" என்று கேட்டுவிட்டு, ரைஸ் குக்கர் இருந்த பக்கம் போனாள் மஸூதா.

இதுதான் சமயம் என்று மர்சூக் ஜீவராஜின் முழங்கையைப் பிடித்தார்.

"தம்பி, எந்தப் பக்கத்துல இருந்து பாத்தாலும் மூலை தெரியாத டிவி இருக்கா?"

ஜீவராஜ் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எல்லாரும் நல்லா தெரியிற டிவிதான் நானா கேப்பாங்க."

"எனக்கு முகம் தெரிஞ்சாப் போதும். மூலை எல்லாம் வேணாம்."

"அப்படின்னா ஒவ்வொண்ணா பாத்து நேரம் போக்க ஏலாது. எல்லாத்துலயும் ஒரே படத்தைப் போட்டுட்டா வித்தியாசம் சட்டுன்னு விளங்கும்."

வேண்டாம் என்று மர்சூக் சொல்ல வாயெடுப்பதற்குள் ஜீவராஜ் பென் ட்ரைவைப் பிடுங்கி, எல்லா டிவிக்கும் படம் அனுப்புகிற பெட்டியில் சொருகிவிட்டார். சுவர் முழுக்க இருந்த டிவிகளில் மாப்பிள்ளை றிஷாத் சிரித்தார். ஒவ்வொரு றிஷாத்துக்குப் பின்னாலும் ஒரு மர்சூக் தின்றுகொண்டிருந்தார்.

கடையில் நின்ற மர்சூக் மேசையில் கிடந்த, அந்தப் பெட்டியின் ரிமோட்டை எடுத்து, அணைக்கிற பட்டன் என்று நினைத்து ஒன்றை அமுக்கினார். படம் அப்படியே நின்றது. பதறிப்போய் இன்னொன்றை அமுக்கினார். படம் பெரிதானது. மாப்பிள்ளையும் சஹனும் ஓரமாக ஒதுங்கிப்போக, சுவர் முழுக்கக் கோப்பையும் கரண்டியும் திருட்டு முழியும்தான். பெரிய டிவியில் மீசையில் ஒட்டியிருந்த கஜுத் துண்டு கூடத் தெரிந்தது.

லக்கலயில் இருந்து மின்விசிறி வாங்க வந்திருந்த ஒருவர் அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"மனுஷன் எவ்வளவு ருசிச்சுத் தின்றாரு பாத்தீங்களா! யாரு அது?"

மர்சூக் கைக்குட்டையை எடுத்து மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டார். "தெரியாது."

"எங்கயோ பாத்த முகமா இருக்கே."

"அப்படி ஒருத்தரையும் இந்தப் பக்கம் கண்டதில்ல," என்றார் கைக்குட்டைக்குள்ளிருந்து. அதற்குள் ரைஸ் குக்கர் பக்கமிருந்து மஸூதாவின் செருப்புச் சத்தம் கேட்டது. எட்டிப் பாய்ந்து பென் ட்ரைவைப் பிடுங்கினார். எல்லா டிவியிலும் கிளி வந்தது.

"என்ன, நம்ம வீடியோ எங்க?" என்றாள் மஸூதா.

"கிளிதான் நல்லா இருக்கு."

"நீங்க ஏன் முகத்தை மூடிக்கிட்டிருக்கீங்க?"

"தடிமன். மூக்கு ஒழுகுது."

"டிவி பாத்தா தடிமன் வருதா?" அவள் கையை நீட்டினாள். பென் ட்ரைவைக் கொடுப்பதைத் தவிர அவருக்கு வேறு வழியிருக்கவில்லை.

அப்போதுதான் கீழ்த்தட்டில், தூசி படிந்து, யாரும் சீண்டாமல் கிடந்த ஒரு டிவி அவர் கண்ணில் பட்டது. அதில் கிளி பச்சையாகவே இல்லை. மர்சூக்குக்கு உயிர் திரும்பி வந்தது.

"இதுல போட்டுப் பாருங்க!"

"நானா, அது சரியில்ல. பெனல் மட்டம். நாங்களே அதை விக்கிறதை விட்டுட்டோம்."

"பரவாயில்ல, போடுங்க."

மஸூதாவிடமிருந்து பென் ட்ரைவை வாங்கி ஜீவராஜ் போட்டார். மர்சூக் நேராக நின்று பார்த்தார், வலப்பக்கம் போய்ப் பார்த்தார், இடப்பக்கம் போய்ப் பார்த்தார், குந்திப் பார்த்தார், கடைசியில் வாசல் வரை போயும் பார்த்தார். எங்கிருந்து பார்த்தாலும் மூலை கரிச்சட்டிதான்.

"இதுல மாப்பிள்ளை முகமே தெரியலயே நானா," என்றார் ஜீவராஜ்.

"மாப்பிள்ளைதான் பெருநாளைக்கு நேர்ல வாராரே! அவரை டிவியில எதுக்குப் பாக்கணும்? மஸூதா, இதான் கண்ணுக்குக் குளிர்ச்சி. வயசான காலத்துல நமக்கு இதுதான் சரி."

அவள் சண்டை பிடிப்பாள் என்று எதிர்பார்த்து நின்றார். அவள் சண்டை பிடிக்கவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் பயமாக இருந்தது. டிவியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து, தணிந்த குரலில் கேட்டாள்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பெருநாள் அன்னைக்கு எல்லாரும் வந்து உக்காந்த பொறகு மாத்த ஏலாது. ஏதாவது சொல்லணும்னா இப்பவே சொல்லிடுங்க."

மர்சூக்குக்கு, பஸீர் கையைக் கழுவிக்கொண்டு போன போக்கு நினைவுக்கு வந்தது. நல்ல மனிதர் பஸீர். கல்யாணத்துக்கு முந்தைய நாள் முழுக்க நின்று வெங்காயம் உரித்தவர். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். சம்மந்தி உம்மாவின் முகம் கண்ணுக்குள் வந்தது. வாய் தானாக மூடிக்கொண்டது.

"சொல்ல என்ன இருக்கு? ஒன்னுமில்ல. இந்த டிவிதான்."

மஸூதா பெருமூச்சு விட்டாள். பில் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு எழுதாமல் நின்ற ஜீவராஜ், அவள் முகத்தையே பார்த்தார். மர்சூக்குக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. ஆபத்து கடந்துவிட்டது என்ற நிம்மதியில், கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார்.

அந்த நேரம் கடைவாசலில் லொறி வந்து நின்றது. வீடுகளுக்கு டிவி கொண்டுபோய்ச் சுவரில் பூட்டிக் கொடுக்கிற கஜேந்திரன் இறங்கி, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு நேராக மஸூதாவிடம் வந்தார்.

"ராத்தா, போன கிழமை நீங்களும் ஒங்க தம்பி பஸீர் நானாவும் வந்து கல்யாண வீடியோவைப் போட்டுப் பாத்து எடுத்த பெரிய டிவிய பல்லேபொல வீட்ல பூட்டிட்டோம், கரண்டியோட நிக்கிறவரு எந்தக் கதிரையில இருந்து பாத்தாலும் பளிச்சுன்னு தெரியிறாரு, சம்மந்தி வீட்டாரும் பெருநாள் வரைக்கும் நிக்காம இன்னைக்கே வந்து உக்காந்தாச்சு, இனி அவரு நேர்ல வந்தாச் சரின்னு பஸீர் நானா சொல்லச் சொன்னாரு."