குயினைக் கணக்கில் எடுக்காதவன்

லா ஷோ-து-ஃபோன், சுவிஸ்
ஞாயிறு, பூசை முடிந்த பிறகு

அன்பு மச்சான் தயாநிதிக்கு,

உன் அத்தான் கிளமென்ற் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் அக்கா றஞ்சினியும் சுகம். இங்கே பனி இன்னும் போகவில்லை, அதுவும் சுகமாகத்தான் இருக்கிறது. வில் நகரில் நீயும் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். வாட்சப்பில் சொன்னால் நீ ஸ்பீக்கரில் போட்டு வீட்டுக்கே ஒலிபரப்புவாய் என்பதால் முத்திரை ஒட்டி எழுதுகிறேன்.

நத்தார்ப் பண்டிகைக்கு உன் வீட்டில் 304 காட் ஆட்டம் ஆடியபோது நான் துரும்பு எதுவென்று மறந்துபோய், நம் கையில் இருந்த ஆட்டத்தைத் தோற்கடித்தேன் அல்லவா? நீ சிரித்தாய். அது பரவாயில்லை. பார்த்துக்கொண்டிருந்த என் மகள் அனோஜா சிரிக்கவில்லை. ரெனானில் இருக்கிற தன் வீட்டுக்குத் திரும்பிய கையோடு, ஞாபகசக்தியைச் சோதிக்கிற டொக்டரிடம் நாள் குறித்து எனக்கு றொந்தேவூ எடுத்துவிட்டாள். மச்சான், எனக்குப் பயம் பிடித்துவிட்டது. மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் சின்னச் சில்லுகளோடு காலம் தள்ளியவன் நான். தலைக்குள் ஒரு சில்லு கழன்றால் யார் பூட்டுவது?

டொக்டரை முந்திக்கொண்டு மூளையைத் தீட்டலாம் என்று இணையத்தில் தேடியபோதுதான், பிளாக்ஜாக் விளையாட்டில் காட் எண்ணுகிற வித்தை அகப்பட்டது. கையில் உள்ள காட்களைக் கூட்டி, இருபத்தொன்றைத் தாண்டாமல் அதற்குக் கிட்டப் போகிறவன் வெல்வான். சீட்டுக்கட்டில் பெரிய காட்கள் மிஞ்சியிருந்தால் ஆடுகிறவனுக்கு நல்லகாலம். முதலில் அமெரிக்கப் பட்டாளத்தில் நாலு பேர், வேறு வேலை இல்லையோ என்னவோ, எந்தக் கைக்கு எப்படி ஆடுவது என்று கணக்கு மெசினில் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். பிறகு ஒரு பேராசிரியர் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்து, போன காட்களை நினைவில் வைத்தால் கசினோவையே வெல்லலாம் என்று புத்தகம் எழுதினார். அவருடைய கணக்கு கடினம் என்று பின்னால் வந்தவர்கள் சுருக்கினார்கள்: சின்னக் காட் போனால் ஒன்று கூட்டு, பெரியது போனால் ஒன்று கழி, நடுவான் போனால் பேசாமல் இரு, கட்டு முடியும்போது பூச்சியம் வரவேண்டும். அதற்குப் பிறகு கூட்டாகப் போனார்கள். ஒருவன் எண்ண, மற்றவன் சைகை பார்த்து வந்து குந்தினான், நீ மூக்கைச் சொறிய நான் இருமுவதுபோலத்தான். கசினோக்காரர் விடுவார்களா? ஒரு சீட்டுக்கட்டு இருந்த இடத்தில் ஆறு, எட்டுக் கட்டுகளைச் சேர்த்தார்கள். கடைசியில் போட்ட காட்டை உடனே விழுங்கிக் கலக்குகிற மெசினையும் கொண்டுவந்து வைத்தார்கள். ஆக, இந்த வித்தை இப்போது வீட்டுக் குசினி மேசைக்குத்தான் உதவும். எனக்கு அதுவே போதும்.

தை மாதம் முழுக்க எண்ணினேன். பஸ்ஸில் எண்ணியதில் இறங்குகிற இடத்தை விட்டேன். பூசையில் நற்கருணை வரிசையில் பிள்ளைகளுக்குக் கூட்டி, பெரியவர்களுக்குக் கழித்துக்கொண்டு போய், சுவாமியார் முன்னால் 'ஆமென்' என்பதற்குப் பதிலாக 'ஏழு' என்றேன். பூச்சியம் மட்டும் ஒருநாளும் வரவில்லை. அனோஜா சொல்வது சரிதான் என்று தலையில் கைவைத்துக் குந்தியிருந்தபோது, வெண்டிக்காய் வெட்டிக்கொண்டிருந்த றஞ்சினி கத்தியை வைத்துவிட்டு வந்தாள். ஒவ்வொரு காட்டாகப் போட்டு எண்ணச் சொன்னாள்.

"இஞ்சாருங்கோ, குயின் போகேக்க ஏன் பேசாமல் இருக்கிறியள்?"

"அது நடுவான்தானே."

"அப்ப ஒன்பதுக்கு ஏன் கழிச்சனீங்கள்?"

விளங்கிவிட்டதா மச்சான்? 304இல் ஜாக்குக்கு முப்பது, ஒன்பதுக்கு இருபது. கிங்கும் குயினும் வெறும் சில்லறை. பெரிய காட் எதுவென்று எனக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டுமா என்ற திமிரில் அந்தப் பக்கத்தை நான் படிக்கவேயில்லை. பிளாக்ஜாக்கில் கிங்கும் குயினும் பத்துக்குச் சமம், ஒன்பது சும்மா.

"எப்ப பாத்தாலும் நாலுதான் மிஞ்சினது. மறதிக்காரருக்கு ஒவ்வொருநாளும் ஒவ்வொரு கணக்கு வரும். நீங்கள் 304ஐ மறக்கேல்லை, அவ்வளவுதான்" என்றாள்.

நாலு மிஞ்சியதை நான் கவனித்ததே இல்லை, அவள் கவனித்திருக்கிறாள். இவ்வளவு வருடமும் குயினைக் கணக்கில் எடுக்காமல் இருந்துவிட்டேன் என்றேன். இனியாவது எடுங்கோ என்று சொல்லிவிட்டு வெண்டிக்காய்க்குத் திரும்பிப் போனாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்போது பிழையே இல்லை. பின்னேரத் தேத்தண்ணியோடு றஞ்சினி ஒரு காட்டை உருவி மடியில் மறைப்பாள். மீதியை எண்ணி, மறைந்தது பெரிதா, சின்னதா, நடுவானா என்று சொல்வேன். உடனே எடுத்துக் காட்டுவாள். ஒருதடவையும் பிசகியதில்லை. ஆகவே அந்த றொந்தேவூ தேவையில்லை என்று அனோஜாவுக்குச் சொல்லும்படி றஞ்சினியிடம் சொல்லிவிட்டேன். உயிர்த்த ஞாயிறுக்கு வில்லுக்கு வருகிறோம். உனக்கு எதிரே இருக்கிற என் கதிரையில் வேறு ஒருவரையும் இருத்தாதே.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். மடு மாதா உங்கள் எல்லோரையும் தன் சீலைக்குள் வைத்துக் காப்பாளாக.

இப்படிக்கு,
துரும்பு மறவாத உன் அத்தான்
கிளமென்ற்

பி.கு.: தம்பி தயா, ஒட்டிப் போடச் சொல்லி அத்தான் கடிதத்தை என்னிடம் தந்திருக்கிறார். என் மடியில் இன்னொரு சீட்டுக்கட்டிலிருந்து எடுத்த ஓர் ஐந்தும் ஓர் எட்டும் ஒரு குயினும் எப்போதும் இருக்கும். அவர் எதைச் சொல்கிறாரோ அதை எடுத்துக் காட்டுகிறேன். நாலு மிஞ்சியது ஒரேயொரு நாள்தான். மற்ற நாட்களில் வாய்க்கு வந்த கணக்கு. டொக்டரிடம் கட்டாயம் போவோம். என்னுடைய முழங்காலுக்கு என்று அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பெரிது என்று அவர் சொல்லும்போதெல்லாம் அதே குயின்தான் வருகிறது, அவர் இன்னும் கவனிக்கவில்லை. 304இல் நீ அவரோடேயே கூட்டுச் சேர். அவர் துரும்பை மறந்தால் நீயும் மறந்துவிடு.

அக்கா