ஐந்தாவது கையெழுத்துக்கு எல்லாரும் ரெடி

கொழும்பு மாநகரில் ஒரு குடும்பத்தின் தராதரத்தை முன்பெல்லாம் வாசலில் நிற்கும் வாகனத்தை வைத்து மதிப்பிட்டார்கள். இப்போது, "உங்கட வீட்டில எத்தனை மெகாபிட்?" என்று கேட்கிறார்கள். மெகாபிட் என்றால் என்னவென்று கேட்கிறவருக்கும் தெரியாது, சொல்கிறவருக்கும் தெரியாது. ஆகையால் கதை சுமுகமாகப் போகும்.

கொட்டாஞ்சேனையில் பத்தே பத்து வீடுள்ள ஒரு முட்டுச்சந்து ஒழுங்கையில் வசிக்கும் பேர்னாட் அவர்கள் இந்தத் துறையில் முன்னோடி. கப்பல் கந்தோர் ஒன்றில் முப்பத்தொரு வருஷம் கிளாக்கராக இருந்து இளைப்பாறியவர். தொண்ணூற்றொன்பதில் ஒழுங்கையிலேயே முதல் ஆளாக இன்டர்நெட் லைன் எடுத்தார், ஐம்பத்தாறு. அது மெகாபிட்கூட இல்லை, வெறும் கிலோபிட். ரெலிபோன் வயரைக் கழற்றிக் கம்பியூட்டரில் மாட்டினால் பூனை சண்டை பிடிக்கிற மாதிரிக் கத்தும். ஒரு போட்டோ நெற்றியில் தொடங்கி நாடிக்கு வந்து சேர ஒரு பிளேன்ரீ குடித்து முடியும். ஆனாலும் வந்து சேரும்.

பிறகு ஐந்நூற்றுப் பன்னிரண்டு வந்தது. இரண்டு மெகா வந்தது, எட்டு வந்தது, இருபத்தொன்று வந்தது, நூறு வந்தது. இப்போது கேபிளில் முந்நூறு. முந்நூறில் போட்டோ வருவதே இல்லை, திரையில் ஒரு வட்டம் சுத்துகிறது. ஆனால் அந்த வட்டம் மிகவும் தெளிவாகச் சுத்துகிறது. அந்த முன்னேற்றத்தை மறுத்தால் வாய் வெந்துபோகும்.

கம்பெனியும் சும்மா இருக்கவில்லை. முந்நூறு எடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் "அதிவேக இல்லச் சான்றிதழ்" என்று பொன்நிற எழுத்தில் ஒரு பத்திரம் கொடுத்தது. ஒழுங்கையில் பத்து வீட்டிலும் அதை பிரேம் போட்டு முன்விறாந்தையில் தொங்கவிட்டார்கள். பேர்னாட் வீட்டில் திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில் தொங்கியது.

இவ்வளவு மரியாதைக்கு நடுவில் ஒரு சங்கடம் வந்தது. மெல்பேணில் மகள் சுரேகாவுக்குப் பிறந்த ஆண்குழந்தைக்கு, முதல் பேரனுக்கு, ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். பேர்னாட்டுக்கும் மனைவி ஐறீனுக்கும் விசா கிடைக்கவில்லை. இனி அந்தக் கண்கொள்ளாக் காட்சியைத் திரையில்தான் பார்க்க வேண்டும். திரையிலோ வட்டம்.

"பேரன்ர தலையில தண்ணி ஊத்திறதை நான் பார்க்காமச் செத்தா என்ர ஆவி இந்த வீட்டை விட்டுப் போகாது, சொல்லிப்போட்டன்," என்றாள் ஐறீன்.

பேர்னாட் கம்பெனிக்கு முறைப்பாடு அனுப்பினார். றமேஷ் என்ற அலுவலர் கழுத்தில் அடையாள அட்டைப் பட்டி, கையில் ரப்லெட் சகிதம் எழுந்தருளினார்.

"அங்கிள், உங்கட முறைப்பாடு ஒன்லைன்ல வந்து சேர்ந்திச்சுது. லைன் வேலை செய்யாட்டி அது எப்படி வந்து சேரும்?"

"மூண்டு நாள் முயற்சி செய்து அனுப்பினனான் தம்பி."

"சேர்ந்திட்டுதெல்லோ. சிஸ்டத்தில உங்களுக்கு முந்நூறு. வேணுமெண்டா ஐந்நூறாக்கி விடுறன்."

"ஐந்நூறாக்கினா வட்டம் போயிடுமோ?"

"வட்டம் வேற பிரிவு அங்கிள். நான் வேகப் பிரிவு. வேகத்தைக் கூட்டுறது மட்டும்தான் எங்கட வேலை. அந்தப் போஸ்டில ஜொயின்ற் பொக்ஸ் ஒண்டு தொங்குது, பாத்தீங்களோ?"

பேர்னாட் எட்டிப் பார்த்தார். ஒழுங்கை முகப்பு லைட் கம்பத்தில், சொப்பிங் பேக் ஒன்றால் சுற்றிக் கட்டப்பட்டு, மழைத்தண்ணி சொட்டச் சொட்ட ஒரு பெட்டி தொங்கியது. பத்து வீட்டு வேகமும் அதற்குள்தான் குளித்துக்கொண்டிருந்தது.

"பழுது அதுக்குள்ளதான். ஆனா அது கம்பிப் பிரிவு. அவங்கள் வாறதெண்டா பத்து வீட்டில அஞ்சு வீட்டுக்காரர் வேகமின்மைப் பிரகடனப் படிவத்தில கையெழுத்து வைக்கவேணும். வெள்ளிக்கிழமைக்குள்ள தந்தா சனி பின்னேரம் திருத்திடுவாங்கள். பத்து நிமிஷ வேலை."

"இவ்வளவுதானே!"

"சின்ன நடைமுறை ஒண்டு இருக்கு. கையெழுத்து வைச்ச வீட்டின்ர சான்றிதழைத் திருப்பிப் பெறுவம். 'வேகமற்ற இல்லங்கள்' எண்டு பேரைப் பட்டியல் போட்டு அந்தப் போஸ்டிலயே பதினாலு நாள் ஒட்டுவம். ஆட்சேபனை இருக்கிறவை தெரிவிக்கவேணுமெல்லோ."

பேர்னாட் படிவத்தோடு புறப்பட்டார். முதலில் எதிர்வீட்டுக் கிளைவ். அவனுடைய முதுகுக்குப் பின்னால் ரீவியில் ஒரு கிரிக்கெட் வீரன் மட்டையை ஓங்கியபடி நின்றான். பேர்னாட் வந்து, இருந்து, ரீ குடித்து முடிக்கும்வரைக்கும் அவன் ஓங்கியபடியே நின்றான்.

"எங்கட வீட்டில பறக்குது அங்கிள்," என்றான் கிளைவ். "ஆனா உங்களுக்காகச் செய்யிறன். நாலு பேர் வைக்கட்டும், அஞ்சாவது நான்."

பக்கத்து வீட்டு ஷஹீமா டீச்சர், "எங்கட ஊட்டுல அப்பிடி ஒரு பிரச்சினையும் இல்ல சேர்," என்றார். உள்ளேயிருந்து மகன், "உம்மா, திரும்பவும் நிண்டுட்டு!" என்று கத்தினான். டீச்சர் கதவைக் கொஞ்சம் சாத்திக்கொண்டார். "ஆனா ஒங்கட பேரனுக்காக வெக்கிறன். அஞ்சாவதா."

ஒன்பது வீடும் ஏறி இறங்கினார். ஒன்பது வீட்டிலும் பறந்தது. ஐந்தாவது கையெழுத்துக்கு ஒன்பது பேர் ரெடி.

"நீங்க முதல் கோட்டில போட்டுக்கொண்டு போயிருக்கலாமே," என்றாள் ஐறீன்.

"உனக்குக் கந்தோர் வேலை தெரியாது. பட்டியலில முதல் பேரைத்தான் சனம் வாசிக்கும்."

தீர யோசித்துக் கடைசியில் பேர்னாட்டும் கையெழுத்து வைத்தார். ஐந்தாவது கோட்டில். வெள்ளிக்கிழமை படிவத்தைக் கொண்டுபோனபோது றமேஷ் மிக மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். முதல் நான்கு கோடும் காலியாக இருக்க ஐந்தாவதை ஏற்றுக்கொள்ளச் சுற்றறிக்கையில் இடமில்லையாம்.

ஆனாலும் மானம் பெரிதல்லவா? சனிக்கிழமை ஒழுங்கையின் வட்ஸ்அப் குழுவில் ஞானஸ்நான லிங்க்கைப் போட்டு, "அனைவரும் நேரலையில் கண்டுகளித்து ஆசீர்வதிக்கவும்" என்று எழுதிவிட்டார்.

ஞாயிறு காலை ஆறரைக்குப் புருஷனும் பெண்சாதியும் கோயிலுக்குப் போகும் உடுப்பில் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். வட்டம் சுத்தியது. ஏழு மணிக்கும் சுத்தியது. எட்டு மணிக்கு ஐறீன் எழுந்துபோய்க் குசினிக்குள் மூக்கைச் சீறினாள்.

பத்து மணிக்குப் பாண் விற்கிற த்றீவீல் பாட்டுப் போட்டபடி வந்தது. மீன் பணிஸ் வாங்க ஒழுங்கை முழுக்கக் கூடியது.

"அங்கிள், எப்படி ஞானஸ்நானம்?" என்றான் கிளைவ்.

பேர்னாட் மீன் பணிஸைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "கண்ணாடி மாதிரித் தெரிஞ்சுது. தண்ணி ஊத்தேக்க பிள்ளை அழவே இல்லை, சிரிச்சவன்."

"ஓம் ஓம், பார்த்தனான்! மூண்டாந்தரம் ஊத்தேக்கதானே சிரிச்சவன்!"

"அந்த வெள்ளைச் சட்டை நனைஞ்சதும் சுரேகா தொடச்சு விட்டாவே, என்ன வடிவு," என்றார் ஷஹீமா டீச்சர்.

இன்னொரு வீட்டுக்காரர் ஃபாதரின் பிரசங்கம் கொஞ்சம் நீளம் என்று அபிப்பிராயம் தெரிவித்தார். எல்லாரும் ஆமோதித்தார்கள். பேர்னாட் திகைத்துப்போனார். அட, தன் ஒரு வீட்டில்தான் தெரியவில்லைப்போல!

பின்னேரம் சுரேகா சாதாரண போனில் எடுத்தாள்.

"அப்பா, சொறி அப்பா. பிள்ளைக்கு விடிய நல்ல காய்ச்சல். ஆஸ்பத்திரிக்கு ஓடினதில ஞானஸ்நானத்தை அடுத்த ஞாயிறுக்குத் தள்ளிப்போட்டம். மெசேஜ் போட்டனே, வரேல்லையோ?"

பேரன் சுகமோ என்று கேட்டு, சுகம் என்ற பிறகுதான் பேர்னாட்டுக்கு மூச்சு வந்தது. பிறகுதான் மற்றது உறைத்தது. போனைக் கையால் பொத்தினார். பக்கத்தில் நின்று கேட்ட ஐறீன் படிவத்தையும் பேனையையும் கொண்டுவந்து முன்னால் வைத்தாள்.

"கடவுள் இன்னொரு கிழமை தந்திருக்கிறார். முதல் கோட்டில வையுங்கோ."

"வைச்சா போஸ்டில ஒட்டுவாங்கள். வேகமில்லாத வீட்டிலயிருந்து என்னத்தைப் பார்த்தனீ எண்டு சனம் கேக்கும்."

"நடக்காத ஞானஸ்நானத்தைத்தான் பத்து வீடும் பார்த்திருக்கு. ஆர் ஆரைக் கேக்கிறது?"

"அதாலதான் ஒருத்தரும் என்னை மன்னிக்க மாட்டினம்," என்றார் பேர்னாட்.

"அப்பா, லைன் எப்படி? அடுத்த ஞாயிறு பார்ப்பீங்கள்தானே?" என்றாள் மகள்.

பேர்னாட் படிவத்தைப் பார்த்தார், சுவரில் தொங்கிய சான்றிதழைப் பார்த்தார். "இஞ்ச பறக்குது மகள்," என்றார்.

அடுத்த ஞாயிறு விடிய ஐறீன் தெஹிவளையிலிருக்கும் தங்கச்சி வீட்டுக்கு வெளிக்கிட்டாள். அங்கே இருப்பது வெறும் எட்டு. ஆனால் படம் தெரியும்.

"நானும் வாறனே," என்றார் பேர்னாட், பாதி மனதாக.

"எட்டுள்ள வீட்டுக்கு முந்நூறுள்ள மனுசன் வாறதோ? வெக்கக்கேடு. நீங்க இருந்து உங்கட முந்நூறைப் பாருங்கோ."

அவள் பஸ் பிடித்துப் போய்விட்டாள். ஆறரைக்குப் பேர்னாட் தனியே திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். மெல்பேணில் அந்த நேரம் பேரனுடைய தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார்கள். அழுவானோ, சிரிப்பானோ தெரியாது. கண் கலங்கி வந்தது. அப்போது எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

"என்ன அங்கிள், விடியவே நெட்டில? எப்படி, பறக்குதோ?"

"பறக்குது கிளைவ்," என்றார் பேர்னாட். "உங்களுக்கு?"

"எங்களுக்கும்," என்றான் கிளைவ். ஜன்னலைச் சாத்தினான்.