யோசேப்புக்கு அப்பா இரண்டு பேர்

வம்சம் நேராக்கி என்று ஒரு மனித இனம் உண்டு. எல்லா ஊரிலும் உண்டென்றாலும், தோபா ஏரிக்கரையில், எங்கள் பாலிகே ஊரில் அது நன்றாகக் கொழுத்து வளரும். பார்த்ததும் உங்கள் பெயரைக் கேட்காது. என்ன குலம் என்று கேட்கும். சொன்னீர்களோ, தாத்தா யார், தாத்தாவின் அண்ணன் யார், அவர் பெண்ணெடுத்த வீடு எது என்று தோண்டிக்கொண்டே போய், பஸ்ஸில் சிவனே என்று தூங்கிக்கொண்டிருந்த உங்களைத் தன் மருமகனாக ஆக்கி, அந்த உரிமையில் ஜன்னலோர இடத்தையும் பிடித்துக்கொள்ளும். மாமனாரோடு சண்டையா போட முடியும்?

சபை மூப்பர் மங்கிஹுத் சியாஹான் இந்த இனத்தில் முதல் தரம். சாவு வீட்டில், "ஐயோ தாத்தா!" என்று பெட்டியைப் பிடித்துக் கதறிய ஒருவனைத் தோளில் தட்டி, "தாத்தான்னு அழாதடா, அவரு உனக்கு மச்சான் முறை" என்று சொன்னவர். அவனும் மூக்கைச் சிந்திவிட்டு, மச்சான் என்று மாற்றி அழுதான்.

இப்பேர்ப்பட்டவருடைய மகள் தியூர்மா, பள்ளிக்கூட வாத்தியார் பின்சாரைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டாள். வேறு குலம்தான், தடையில்லை. ஆனால் மூப்பர் சும்மா இருப்பாரா? விசாரித்தார். பின்சாரின் தாத்தாவை, அவன் வீட்டு வம்ச வரிசை இரண்டு சகோதரர்களில் அண்ணன்காரருக்குப் பிள்ளை என்றது. பெரியப்பா வீட்டு வரிசையோ தம்பிக்குப் பிள்ளை என்றது.

"ரெண்டு அப்பன் இருக்கிற வம்சத்துக்கு நான் பொண்ணு குடுக்கிறதா? முடியாது!" என்றார். தியூர்மா அழுதாள். அவர் மசியவில்லை.

அந்த வாரம் வேதபாடம் அவர்கள் வீட்டில். கூடம் நிறைய ஆட்கள். தியூர்மா கையைத் தூக்கினாள்.

"அப்பா, பைபிள்ல யோசேப்போட அப்பா யாக்கோபுன்னு மத்தேயு சொல்றாரு. லூக்கா ஏலின்னு சொல்றாரு. யாரு சொல்றது பொய்?"

மூப்பரின் மீசை துடித்தது. "வாயைக் கழுவு! ரெண்டும் நிஜம். அண்ணன் ஏலி பிள்ளையில்லாம செத்துட்டான். தம்பி யாக்கோபு அண்ணியைக் கட்டிக்கிட்டான். யோசேப்பு ரத்தத்துக்கு யாக்கோபு பிள்ளை, பேருக்கு ஏலி பிள்ளை. ஒருத்தர் பெத்தவனை எழுதினாரு, இன்னொருத்தர் பேரு குடுத்தவனை எழுதினாரு. நம்ம ஊர்ல நடக்காததா? இது புரியாம வம்சத்துல குத்தம் சொல்றவன் மடையன்!"

"ஆமென்" என்றது கூடம்.

"பின்சாரோட தாத்தா கதையும் அதேதான்ப்பா. பெரியவரு பிள்ளையில்லாம போயிட்டாரு. சின்னவரு அண்ணியைக் கட்டிக்கிட்டாரு."

மூப்பரின் மனைவி லம்ரியா அடுப்படியிலிருந்து கரண்டியும் கையுமாக வந்து நின்றாள். "சொல்லுங்க தியூர்மா அப்பா. இப்ப யாரு மடையன்?"

பாவம், மனிதர் மத்தேயுவைப் புரட்டினார், லூக்காவைப் புரட்டினார். இருவருமே கைவிட்டுவிட்டார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இதைத்தானே நான் மொதல்லேருந்து சொல்லிக்கிட்டிருக்கேன்! இந்த வீட்ல எவன் காது குடுத்துக் கேக்குறான்?"

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. எனக்கும் அவர்மேல் கோபமில்லை. மகள் கையைப் பிடித்துக் கொடுக்கும்போது அவர் அழுத அழுகையில் முறை தவறவேயில்லை.

நிற்க. பின்சார் என்ன குலம் என்று நான் கடைசிவரை சொல்லவில்லை. அது இவ்வளவு நேரமாக உங்களை உறுத்திக்கொண்டே இருந்ததா? அப்படியானால் வாருங்கள், இப்படி உட்காருங்கள். நீங்கள் மூப்பருக்கு என்ன முறை என்று பார்த்துவிடலாம்.