காப்பு கட்டிய சுற்றுலாப் பயணி

விசா கதைன்னு சொன்ன உடனே நீங்க இன்னா எதிர்பாத்துகினு கீறீங்கன்னு எனக்குத் தெரியும். ஏர்போர்ட்ல ஊறுகா பாட்டில் ஒடஞ்சிருக்கும், ஏரோப்ளேன்ல எவனோ வேட்டி அவுந்து நின்னிருப்பான், வெள்ளக்காரன் கேட்டதுக்கு நம்மாளு வேற எதையோ சொல்லி மாட்டிகினு இருப்பான்னு தானே? ஒண்ணும் கெடையாது. இந்தக் கதையில யாரும் ஏரோப்ளேன்ல ஏறவே மாட்டாங்க. திருமுல்லைவாயில் ஸ்டேஷன்ல கெளம்பி அம்பத்தூர் வரைக்கும் போவாங்க, திரும்பி வந்துடுவாங்க. திரும்பி வர்றது தான் கதையே.

எங்க தெருவுல கன்னியப்பன்னு ஒருத்தரு. அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு கம்பெனியில போல்ட்டு, நட்டு செக் பண்ற வேலையில இருந்து ரிட்டயர் ஆனவரு. ஊட்ல தோசை சுட்டா கூட திருப்பித் திருப்பிப் பாத்து பாஸ் பண்ணித் தான் சாப்புடுவாரு. அவரு சம்சாரம் வேம்புலியம்மாள். ஒரே புள்ள சரண். பனி கொட்டுற ஒரு நாட்டுல கீறான். எந்த நாடுன்னு நான் சொல்ல மாட்டேன். சொன்னா நாளைக்கு எனக்கு விசா குடுக்க மாட்டான்.

சரணுக்கு அங்கயே கல்யாணம் ஆயி, ஒரு பொண்ணு பொறந்து, அது நடக்கவும் ஆரம்பிச்சுடுச்சு. வேம்புலியம்மா பேத்தியப் பாத்ததெல்லாம் போன்ல தான். தொட்டதில்ல, தூக்குனதில்ல. ஒரு தபா கையில தூக்கிக் கொஞ்சிட்டுத் திரும்பி வந்துடணும். அந்தம்மாவுக்கு வேணும்கிறது அவ்ளோ தான். அதுக்குத் தான் டூரிஸ்ட் விசா.

அம்பத்தூர்ல கிரண்னு ஒரு ஏஜென்ட்டு. ஏசி ஓடாத ரூம்ல கோட்டு போட்டுகினு உக்காந்துருப்பாரு. மேஜை மேல பொம்மை ஏரோப்ளேன் ஒண்ணு, மூக்கு மட்டும் வாசலப் பாத்துகினு இருக்கும். விஷயத்தக் கேட்ட உடனே அவரு எழுந்து போய் கதவ சாத்திட்டு வந்தாரு. புள்ள அங்க கீறான்னு வெளிய மூச்சு விடக்கூடாதாம். புள்ள இருந்தா பாக்கப் போறீங்கன்னு அர்த்தம், பாக்கப் போனா பாசம் வந்துடும், பாசம் வந்தா திரும்பி வர மாட்டீங்க. அதனால பாசம் இல்லாத காரணமா ஒண்ணு வேணும்னாரு.

"பனி பாக்கப் போறோம்னு சொல்லுங்க ஆன்ட்டி. பனி மேல யாருக்கும் பாசம் வராது."

ஊட்ல ஒத்திகை நடந்துச்சு. கன்னியப்பன் ஆபீசர் மாதிரி சேர்ல உக்காந்துகினு, எதுக்கும்மா போறேன்னு கேப்பாரு. அந்தம்மா, "பேத்தி..."ன்னு ஆரம்பிச்சு, நாக்கக் கடிச்சுகினு, "பனி"ன்னு முடிக்கும். ஒத்திகை முத்திப் போயி, வீடியோ கால்லயே, "பனி சாப்ட்டுச்சாடா? பனிக்கு சளி போச்சா?"ன்னு கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. சரண் அம்மாவுக்கு இன்னா ஆச்சுன்னு பயந்து போயி, அப்பாவத் தனியா கூப்ட்டு விசாரிச்சான்.

மொத விண்ணப்பம் போச்சு. கைரேகை குடுத்தாங்க. மொகத்தப் போட்டோ எடுத்தாங்க. சிரிக்கக் கூடாதுன்னாங்க, சிரிக்கல. பதில் வந்துச்சு. ரொம்ப மரியாதையான பதிலு. 'தாங்கள் தங்கள் தாயகத்திற்குத் திரும்பிச் செல்வீர்கள் என்பதில் எமக்கு நியாயமான ஐயம் உள்ளது' அப்டின்னு.

கன்னியப்பன் அத நாலு வாட்டி படிச்சாரு. அவரு வாழ்க்கையிலயே மொத தபா அவரு ரிஜெக்ட் ஆயிருக்காரு. அதுவரைக்கும் ரிஜெக்ட் பண்றது அவரு வேலையா இருந்துச்சு.

கிரண் ஆறுதலா விளக்கம் சொன்னாரு. அந்த நாட்டுக்கு நீங்க எதுக்கு வர்றீங்கன்றது முக்கியமே கெடையாது, எதுக்குத் திரும்பிப் போவீங்கன்றது தான் முக்கியம். ஊடு கீதுன்னாரு கன்னியப்பன். ஊடு ஓடிப் போயிடாது, நீங்க எப்போ வந்தாலும் அங்கயே இருக்கும், அதனால வர வேண்டிய அவசரம் இல்லன்னாரு கிரண். சம்சாரம் கீறாளேன்னாரு. சம்சாரமும் கூட வர்றாங்களே, அப்புறம் யாருக்காகத் திரும்புவீங்கன்னு கேட்டாரு.

"ஆன்ட்டி இங்க இருந்தா அங்கிள் திரும்பி வருவாருன்னு நம்புவான். அங்கிள் இங்க இருந்தா ஆன்ட்டி திரும்பி வருவாங்கன்னு நம்புவான். ரெண்டு பேரும் இங்கயே இருந்துட்டீங்கன்னா விசா கன்ஃபார்ம்."

சரி, திரும்பி வருவேன்னு கெவருமெண்டு கையால ஒரு சான்றிதழ் வாங்கிடலாம்னு கன்னியப்பன் ஒரு ஆபீசுக்குப் போனாரு. அங்க உக்காந்திருந்தவரு கம்ப்யூட்டர்ல ரொம்ப நேரம் தேடிப் பாத்தாரு. சாதி கீது, வருமானம் கீது, வாரிசு கீது, புருஷன் உட்டுட்டுப் போயிட்டான்னு கூட சான்றிதழ் கீது. திரும்பி வருவாருன்னு மட்டும் இல்ல. நல்ல மனுஷன், வெறுங்கையோட அனுப்ப மனசு வரல அவருக்கு.

"வருவீங்கன்னு குடுக்க ரூல் இல்லைங்க. வந்துட்டீங்கன்னா, வந்துட்டாருன்னு குடுக்கலாம். போய்ட்டு வந்து விண்ணப்பம் பண்ணுங்க."

கிரண் கேட்டுட்டு இன்னொரு யோசனை சொன்னாரு. இப்பல்லாம் எங்க பக்கத்துல வெளிநாடு போறவங்களுக்கு பேனர் வைக்கிறது தான் ஃபேஷன். தலைக்குப் பின்னாடி ஏரோப்ளேன், கண்ணுல கூலிங் கிளாஸ், கீழ தெரு பசங்க மொகம் வரிசையா. கிரண் அதுல ஒரு திருத்தம் பண்ணாரு. வழியனுப்புற பேனர் வச்சா சந்தேகம் வரும், அதனால வரவேற்கிற பேனரே வச்சுடணும்னாரு. வச்சாங்க. 'சுற்றுலாவை வெற்றிகரமாக முடித்துத் தாயகம் திரும்பும் பயணச் செம்மல் கன்னியப்பன் அவர்களே வருக வருக'. மனுஷன் இன்னும் அடுத்த ஸ்டேஷன் அண்ணனூரத் தாண்டல. மறுநாள் பால் வாங்கப் போனா, ஊரு எப்டி இருந்துச்சு, குளிரு எப்டின்னு கேக்குறாங்க. பக்கத்துத் தெரு ஆளு ஒருத்தரு சாக்லேட்டு எங்கன்னு கேட்டுகினு ஊட்டுக்கே வந்துட்டாரு. வேம்புலியம்மா கடைக்கு ஆள அனுப்பி வாங்கியாந்து குடுத்துச்சு.

அப்பவும் கன்னியப்பனுக்கு மனசு ஒப்பல. பேனரு காத்தடிச்சா கிழிஞ்சுடும். கிழியாத ஆதாரம் வேணும்.

அந்த நேரம் பாத்து ஆடி மாசம் பொறந்துச்சு. எங்க அம்மன் கோயில் திருவிழாவுக்குக் காப்பு கட்டுவாங்க. மணிக்கட்டுல மஞ்சக் கயிறு. கட்டிகினவன் திருவிழா முடிஞ்சு காப்பு அவுக்குற வரைக்கும் ஊர் எல்லையத் தாண்டக் கூடாது. கன்னியப்பனுக்கு பளிச்சுன்னுச்சு. தாய்நாட்டோட கட்டிப் போட்டு வச்சிருக்கிறதுக்கு இதவிட கட்டு இன்னா கீது? போய்க் கையை நீட்டிட்டாரு.

கோயில் கமிட்டி செயலாளரு ஜெகதீசன். லெட்டர் பேடு, ரப்பர் ஸ்டாம்பு எல்லாம் அவருகிட்ட தான். கன்னியப்பன் ஒரு சான்றிதழ் வேணும் மச்சான்னாரு. ஜெகதீசன் யோசிக்கவே இல்ல. கம்ப்யூட்டரத் தொறந்தாரு, பேர மட்டும் மாத்துனாரு, பிரிண்ட்டு வந்துடுச்சு. அவ்ளோ பழக்கமான கை.

'இதனால் அறியத் தருவது யாதெனில், மேற்படி நபர் அம்மன் சந்நிதியில் காப்பு தரித்தவர். காப்பு தரித்தவர் ஊர் எல்லையைத் தாண்டலாகாது. ஆகவே மேற்படியார் எக்காரணம் கொண்டும் எங்கும் செல்ல மாட்டார் என உறுதி கூறி, அன்னார் வெளிநாடு செல்ல விசா வழங்குமாறு பணிவன்புடன் பரிந்துரைக்கிறோம்.'

கிரண் இதப் படிச்சுட்டு கோட்டு பட்டன போட்டுகினு எழுந்து நின்னாரு. இவ்ளோ வலுவான ஆதாரத்த அவரு தொழில்ல பாத்ததில்லையாம்.

காப்புக் கையோட போட்டோ, சான்றிதழ், பேனர் போட்டோ எல்லாம் சேத்து ரெண்டாவது விண்ணப்பம் போச்சு. இந்த தபா கடுதாசி வரல. ஆளே வரப்போறதா போன் வந்துச்சு. ஞாயித்துக்கெழம நேர்ல விசாரிக்க வருவாங்களாம். அன்னிக்குத் தான் எங்க தெருவுல கூழ் ஊத்துறோம்.

தெருவே தயாராச்சு. யாரு இன்னா பேசணும்னு ஜெகதீசன் ஊடு ஊடா போய் சொல்லிட்டு வந்தாரு. கன்னியப்பன் திரும்பி வருவாரு. அவரு இல்லன்னா தெரு நடக்காது. புள்ளைன்ற பேச்சே எடுக்கக் கூடாது. ஒரே ஒருத்தர மட்டும் என்ன பண்றதுன்னு தெரியல. எதிர் ஊட்டு முத்தம்மாள். பொய் சொல்ற பழக்கம் இல்லாத பொம்பள. கெட்ட பழக்கம்னு சொல்லியும் உட மாட்டேங்குது. அதனால கூழுக்குக் கருவாடு பத்தலன்னு சொல்லி, ஆவடி மார்க்கெட்டுக்கு ரயிலேத்தி அனுப்பிட்டாங்க.

விசாரிக்க வந்தவரு பேரு தினகரன். தலையில ஹெல்மெட்டு, கையில ஃபைலு. தூதரகத்துக்காக விசாரிச்சுக் குடுக்குற கம்பெனியில வேலை. சாமியானாவுக்குக் கீழ சேர் போட்டு உக்கார வச்சு, ஒரு சொம்பு கூழும் கையில குடுத்தாங்க. அவரு கேக்குறதுக்கு முன்னாடியே தெரு மொத்தமும் வருவாரு, வருவாருன்னு பதில் சொல்லிடுச்சு. அவரு அப்புறமா கேள்விய எழுதிகினாரு.

வேம்புலியம்மாவக் கூப்ட்டு, இந்த வயசுல பனி பாக்கணும்னு இன்னாம்மா அவ்ளோ ஆசைன்னாரு.

"போன்ல தான் பாத்துகினு கீறேன் சார். ஒரு தபா மடியில வச்சுகினா போதும். இப்பவே போனா தான் உண்டு. பெருசாயிட்டா எங்கிட்ட எங்க வரும்?"

தினகரன் நிமிந்து அந்தம்மா மொகத்தப் பாத்தாரு. அப்புறம் குனிஞ்சு 'பனி மீது மிகுந்த ஈடுபாடு'ன்னு எழுதிகினாரு.

அடுத்தது காப்பு. எல்லையத் தாண்ட மாட்டாருன்னா எப்டிப் போவாருன்னு கேட்டாரு. ஞாயமான கேள்வி. ஜெகதீசன் தொண்டையக் கனைச்சாரு.

"எல்லைன்றது இப்போ முன்ன மாதிரி இல்ல சார். அப்போ ஏரிக்கரை தான் எல்லை. அப்புறம் நகராட்சின்னாங்க, எல்லை தள்ளிச்சு. இப்போ மாநகராட்சி, இன்னும் தள்ளிச்சு. வருஷா வருஷம் தள்ளிகினே கீறாங்க. ஏர்போர்ட்டு இப்பவே உள்ள தான். மீதியும் வந்துடும்."

தினகரன் 'எல்லை விரிவாக்கம் பரிசீலனையில்'னு எழுதிகினாரு. எழுதிட்டு, ஃபைல மூடாம, ஜெகதீசன் காதுகிட்ட குனிஞ்சாரு. அவரும் அந்த நாட்டுக்குத் தான் விசா கேட்டிருந்தாராம். ரெண்டு வாட்டியும் இல்லன்னுட்டாங்களாம். வெளியூர்க்காரனுக்கும் இங்க காப்பு கட்டுவீங்களான்னு கேட்டாரு. ஜெகதீசன் தலையாட்டுனாரு. அவ்ளோ தான், வேலை முடிஞ்ச மாதிரி தான். வேம்புலியம்மா கோபுரத்துப் பக்கம் திரும்பி கண்ண மூடிக் கும்புட்டுச்சு. ஃபைல்ல கடைசியா, 'திரும்பி வருவாரா'ன்ற ஒரே ஒரு கட்டம் தான் பாக்கி.

அப்போ கூட்டத்த வெலக்கிகினு முத்தம்மா வந்து நின்னுச்சு. கையில கருவாட்டுப் பை. அண்ணனூர் ஸ்டேஷன் வாசல்லயே வித்துகினு இருந்தாங்க, ஆவடி வரைக்கும் இன்னாத்துக்குன்னு எறங்கித் திரும்பிட்டேன்னு சொல்லிச்சு. ஃபைலப் பாத்துது, ஹெல்மெட்டப் பாத்துது. விஷயம் புரிஞ்சுடுச்சு. அதுக்குக் கோவம் வந்துச்சு, நல்ல கோவம், கன்னியப்பனுக்காக வந்த கோவம்.

"இன்னா சார், எங்க அண்ணனையா சந்தேகப்படுறே? பாரு, கையில காப்பு கட்டிகீறாரு."

தெரு மூச்சு உட்டுச்சு. ஜெகதீசன் நெத்தி வேர்வையத் தொடச்சுகினாரு. தினகரன் சிரிச்சுகினே பேனாவ அந்தக் கட்டத்துல வச்சுகினு, சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டாரு. காப்பு கட்டினவங்க கண்டிப்பா திரும்பி வந்துடுவாங்க இல்லம்மா?

"அத எப்டி சொல்ல முடியும்? இவரு புள்ள சரணும் இதே காப்பு கட்டிகினு, இதே ஜெகதீசன் கையால பேப்பர் வாங்கிகினு, பத்து நாள் சுத்திப் பாத்துட்டு வரேன்னு தான் போனான். ஜெகதீசன் பையனும் அப்டித் தான், பேனர் கடைக்காரரு பொண்ணும் அப்டித் தான். அதுங்களுக்குக் கட்டுன காப்பே இன்னும் அவுக்கல. இந்தக் கெழவன் வருவானா வருவானான்னு இத்தினி பேரு கூடி நின்னு பேசுறீங்களே, அதுங்கள எப்போடா வருவீங்கன்னு ஒருத்தராவது கேட்டீங்களா?"