பின்னறைக்காக ஒரு மலையோட்டம்

மலையைச் சுற்றி இருபத்தொரு கிலோமீட்டர் ஓடப்போகிறேன் என்று அறிவித்தபோது என் மனைவி சிரிக்கவில்லை. அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

எனக்கு வயது ஐம்பத்து நான்கு. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். என் வயிறு எனக்கு முன்பே கடைக்குள் போய்விடும். அப்படிப்பட்டவன் மலையேறத் துணிந்ததற்கு ஒரே காரணம், எங்கள் வீட்டுப் பின்னறை.

மகள் வேலைக்காக வெளியூர் போனபின் காலியான அறை அது. ஒரு மேஜை, ஒரு விளக்கு, லென்ஸ் தேய்க்கிற சின்ன இயந்திரம் என்று மெல்ல மெல்ல நான் அங்கே குடியேறிவிட்டேன். யாரும் என்னை எதுவும் கேட்காத இடம் உலகத்தில் அது ஒன்றுதான். அந்த அறைக்குத் தன் தம்பி வருகிறான் என்றாள் மனைவி. ஒரு வருடத்துக்கு. கிளாரினெட்டோடு.

"விடியறதுக்குள்ள ஊத ஆரம்பிப்பானே!"

"நீங்களும்தான் குறட்டை விடறீங்க. அவனாவது சுருதியோட ஊதறான்."

"அப்ப நான் எங்க போறது?"

"கூடத்துக்கு வாங்க. நானும் இந்த வீட்லதான் இருக்கேன்."

இதற்காகத்தான் காத்திருந்தேன். திடீரென்று கோபம் வந்தவனைப் போல எழுந்து நின்றேன்.

"பந்தயம் வெச்சுக்கலாமா? அடுத்த மாசம் மலையோட்டம். நாலு மணி நேரத்துல முடிச்சா அறை எனக்கு. இல்லேன்னா உன் தம்பிக்கு."

"நாலு மணின்னா நாலு மணிதான். ஒரு நிமிஷம் தாண்டினாலும் தாண்டினதுதான்."

"சம்மதம்."

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். மைத்துனன் வரப்போகும் சேதி ஐந்து மாதம் முன்பே என் காதில் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து பால் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரரோடு தினமும் ஓடிப் பழகிக்கொண்டிருந்தேன். ஒரு பாக்கெட் பாலுக்கு ஏன் ஒன்றரை மணி நேரம் ஆகிறது என்று அவள் ஒருநாளும் கேட்கவில்லை. அவள் பஸ் டிப்போவில் நேரம் குறிப்பவள். வண்டி எத்தனை மணிக்குப் புறப்பட்டது, எத்தனை மணிக்கு வந்தது என்று எழுதுவதுதான் முப்பது வருடமாக அவள் வேலை. அப்படிப்பட்டவள் ஏன் கேட்கவில்லை என்று நானும் யோசிக்கவில்லை.

காலை ஆறு மணிக்கு ஓட்டம் தொடங்கியது.

முதல் எட்டு கிலோமீட்டர் காட்டுக்குள் ஏற்றம். வேர்கள் காலைப் பிடித்து இழுத்தன. ஈரக் கற்கள் கொஞ்சமும் இரக்கம் காட்டவில்லை. மருந்துக்கடைக்காரர் முன்னால் போய்க்கொண்டே குரல் கொடுத்தார். "சார், பேசாதீங்க! மூச்சை மிச்சம் பிடிங்க!" நான் பேசவே இல்லை. அவர் கேட்டது என் முழங்காலின் குரல்.

அப்புறம் பாறை விளிம்பு. இடது பக்கம் பாறை, வலது பக்கம் மூடுபனி. நடுவில் என் இரண்டு பாதங்களுக்கு மட்டும் இடம். எனக்கு முன்னால் போனவரின் கால் ஒரு கல்லைத் தட்டிவிட்டது. அது விழுந்தது. அடியில் போய் மோதும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். சத்தம் வரவே இல்லை. பாறையைக் கட்டிக்கொண்டு நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நகர்ந்தேன். ஓர் அறைக்காக இவ்வளவா என்று மனசு கேட்டது. கிளாரினெட்டை நினைத்துக்கொண்டேன். கால் தானாக நகர்ந்தது.

பதினைந்தாவது கிலோமீட்டரில் கடிகாரம் பார்த்தேன். ஓட ஆரம்பித்து மூன்று மணி இரண்டு நிமிடம். இனி இறக்கம்தான். ஐம்பத்தொரு நிமிடம் போதும். ஏழு நிமிடம் கையிருப்பு! வளைவில் திரும்பினேன். அங்கே தண்ணீர்ப் பந்தல். ஆரஞ்சு நிறச் சட்டை மாட்டிக்கொண்டு, கையில் தம்ளரோடு என் மனைவி.

"நீ எங்க இங்க?"

"தண்ணி குடுக்க ஆள் வேணும்னாங்க. ஜீப்புல வந்தேன். என்னங்க, மூஞ்சி இப்படி வெளுத்திருக்கு?"

"ஒண்ணுமில்ல. வழியை விடு."

"கையைக் குடுங்க. நாடி பாக்கறேன்."

என் மணிக்கட்டைப் பிடித்தாள். அப்படியே ஒரு பாறைமேல் உட்கார வைத்தாள். பனி விலகியது. கீழே ஏரி.

அதை எப்படிச் சொல்ல? யாரோ இப்போதுதான் ஊதித் துடைத்து வைத்த கண்ணாடி போல, மலையை எல்லாம் தலைகீழாகத் தாங்கிக்கொண்டு, சத்தமே இல்லாமல் கிடந்தது. ஒரு பறவை போனது. தண்ணீரில் இன்னொரு பறவை அதோடு போனது.

"நாம கடைசியா எப்ப இப்படிப் பக்கத்துல உக்காந்தோம்?" என்றாள்.

"தெரியல."

"பாப்பா ஊருக்குப் போன அன்னிக்கு. ரயில் கிளம்பினப்புறம், அந்த பெஞ்சில. அதுக்கப்புறம் நீங்க உள்ள போய்க் கதவைச் சாத்தினவர்தான்."

அவள் தலை என் தோளில் சாய்ந்திருந்தது. இரண்டு நிமிடம் இருக்கும்.

"சரி, கிளம்புங்க" என்று கையை எடுத்தாள். அவள் உள்ளங்கைக்கு அடியிலிருந்து என் கடிகாரம் வெளியே வந்தது.

மூன்று மணி பதின்மூன்று நிமிடம்!

பறந்தேன். சறுக்கினேன். ஓர் இடத்தில் உட்கார்ந்தபடியே இறங்கினேன். கால்சட்டையின் பின்பக்கம் மலையோடு தங்கிவிட்டது. ஐந்து கிலோமீட்டர். மூன்று. கெண்டைக்கால் கட்டையாக இறுகியது. கடைசிக் கிலோமீட்டரில் ஒலிபெருக்கி கேட்டது. கூடாரங்கள் தெரிந்தன. கண்ணை மூடிக்கொண்டு கோட்டைத் தாண்டினேன்.

"நாலு மணி நாலு நிமிஷம்" என்றார் மருந்துக்கடைக்காரர், துக்கம் விசாரிக்கிற குரலில்.

ஜீப்பில் எனக்கு முன்பே வந்திறங்கிய மனைவி துண்டோடு வந்தாள்.

"முப்பது வருஷமா பஸ் பாக்கறேன். எந்த வண்டியும் ஓடும்போது லேட் ஆகறதில்லைங்க. நிக்கறப்பதான்."

"அப்ப மேல நீ சொன்னதெல்லாம் நடிப்பா?"

"எல்லாம் நிஜம். பொய் சொல்லி உங்களைப் பதினோரு நிமிஷம் உக்கார வைக்க முடியுமா?"

துண்டால் என் நெற்றியைத் துடைத்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நொடியில் அறை போனதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. கூடத்தில் இரண்டு நாற்காலி போட்டுக்கொள்ளலாம். அவள் பக்கத்தில் நான். தோற்றதும் ஒரு விதத்தில் நல்லதுதான் என்று கண் கலங்க நினைத்தேன்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவன் கைதட்டியபடி ஓடி வந்தான். ஒரு தோளில் பெட்டி, மறு தோளில் கிளாரினெட்.

"பிரமாதம் மாமா! எட்டு மணி பஸ்ஸைப் பிடிச்சு நேரா இங்க வந்துடுடா, பெட்டியை மாமா தூக்கிக்குவார்னு அக்கா போன் பண்ணினா!"

எட்டு மணிக்கு நான் ஜெயித்துக்கொண்டிருந்தேன்.